மூன்றாம் ஞாயிறு நான் சொன்ன சாட்சி

மக்கா,

கடிதம் என்றால் முதல் வரியில் "இங்கு அனைவரும் சுகம்" என்று எழுத வேண்டும் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். இந்த ஒரு கடிதத்தையாவது பொய்யில் தொடங்க வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன். அப்பாவை அழைத்துப்போக டிக்கெட் போட்டுவிட்டதாக நேற்று போனில் சொன்னாய். புதிய நரம்புச் செல்லை மூளைக்குள் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள், அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. நானும் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி போனை வைத்தேன். மக்கா, அப்பாவை அந்தச் சோதனையில் சேர்க்க முடியாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை அவரை எடுத்துக்கொள்வார்கள். திறந்தால் அந்தக் கதவு அடைந்துவிடும், அவருக்கு வேறு கதவும் இல்லை. இது தெரிந்துதான் எழுதுகிறேன்.

போனில் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். நீ ஒரு தடவை "என்னம்மா?" என்று கேட்டால் போதும், "ஒண்ணும் இல்ல மக்கா, சாப்பிட்டியா" என்று திரும்பிவிடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுப் பள்ளியில் தமிழ் படித்தவன் நீ, மெதுவாகவானாலும் வாசித்துவிடுவாய். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நானே அனுப்புவேன். கடைசிப் பக்கம் வரும்வரை பதில் போடாதே, கூப்பிடவும் செய்யாதே.

உன் அம்மா இருபத்தெட்டு வருஷம் சப்சென்டரில், கிராமத்துச் சுகாதார நிலையத்தில், நர்ஸாக இருந்தவள். குன்னத்துகால் பக்கத்தில் நான் ஏறி இறங்காத இடவழி இல்லை. ஒரு பெண்ணுக்கு வாந்தி என்றால் அவள் மாமியாருக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். குடையும் ரிஜிஸ்டருமாக முற்றத்தில் கால் வைத்ததும் என் முதல் கேள்வி ஒன்றுதான், கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி? எத்தனை வாரம் என்று தெரியாமல் நாங்கள் எதையும் பேச மாட்டோம். பிறகு ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கையில் கொடுத்து, "பிள்ளைக்கு மூளையும் முதுகெலும்பும் உருவாகுற சமயமாக்கும், ஒரு நாளும் முடக்காத, கேட்டியா" என்பேன். மாத்திரையை வாங்கி ஓட்டு இடுக்கில் செருகிவைப்பவளும் உண்டு. கண்டுபிடித்தால் அவள் புருஷன் முன்னாலேயே நல்ல வைதல் கிடைக்கும். ஆனாலும் யாரும் என்னைப் பகைத்ததில்லை. "சிஸ்டர் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்பார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

அப்பாவின் நோயை முதலில் பார்த்தது நர்ஸ் இல்லை, நீதான். அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். ஆலயத்துக்கு நடந்துபோகும்போது பின்னால் வந்த நீ, "அம்மா, அப்பாக்க வலது கை வீசல்லியே" என்றாய். "நடக்குற மனுஷனுக்குக் கண்ணு வைக்காத எலே" என்று உன் மண்டையில் தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தக் கை வீசாமலே தொங்கியது, நானும் கூடவே நடந்தேன். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று பஸ்ஸின் பின்படிவரை கேட்கும்படி கூவிய கண்டக்டர், உன் அப்பா, ஒரு நாள் டிக்கெட் மெஷினின் பொத்தானை அழுத்த முடியாமல் ஓடுகிற பஸ்ஸில் நின்றுவிட்டார். நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை தொடங்கினார்கள். டிப்போவில் உடல் தகுதிப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நடுக்கம் அடங்கும் என்று நீ கணக்குப் பார்த்து, டாக்டர் கூப்பிடும் நேரத்துக்குத் தோதாக அவரை விழுங்கவைத்தாய். பேசும்போது பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாய். அப்பா தேறிவிட்டார். மூன்று பேரும் அமரவிளையில் இறங்கி பொரோட்டா தின்று, வயிறு வலிக்கச் சிரித்தோம். உன்னை அன்றைக்குக் கண்டித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது மகனுடைய சாமர்த்தியம்தான் கண்ணில் பட்டது.

அப்பாவின் தலையில் எந்தச் செல் செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு நீ படிப்பையே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அந்தச் செல் கருவில் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கத்தான் கடல் தாண்டிப் போனாய். ஒவ்வொரு லீவிலும் அப்பா உன்னிடம், "எப்போ மக்கா?" என்று கேட்பார். "இன்னும் கொஞ்சம் வருஷம் ஆவும்பா, பொறுத்திருக்கணும்" என்பாய். அவர் தலையாட்டுவார். அவருக்குப் பொறுக்கத் தெரியும், லெவல் கிராசில் பஸ் நின்றால் இறங்கி டீ குடிக்கிற மனுஷன். எனக்குத் தெரியாது. சட்டைப் பித்தான் போட்டுவிடுவது நான், கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பது நான், சோறு தொண்டையில் அடைத்தால் முதுகில் தட்டுவது நான். தூரத்தில் இருந்துகொண்டு பொறு பொறு என்று சொல்கிறானே என்று உன்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருந்தால் ஒருவேளை இத்தனை தூரம் வந்திருக்காது.

கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சியாகச் சொல்லும் வழக்கம் நம் சபையில் உண்டு, உனக்குத் தெரியும். கன்வென்ஷன் கூட்டத்தின் முடிவில் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். ரப்பர் ஷீட் வியாபாரி, அப்பாவுக்கு உள்ள அதே நோய், இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தவர். வேறு மாநிலத்தில் ஓர் ஊரில், கருவிலிருந்து எடுத்த மூளைச் செல்லை முதுகு வழியாக ஊசியில் ஏற்றினார்கள், கர்த்தர் என்னை எழுப்பிவிட்டார் என்று சொல்லி, பீடத்திலிருந்து வாசல்வரை யாரும் பிடிக்காமல் நடந்து காட்டினார். சபை முழுக்க அழுதது, நானும் அழுதேன். ஆலயத்துக்குள் நின்று ஒருவர் பொய் சொல்ல மாட்டார் என்று வளர்ந்தவள் நான். இப்போதும் சொல்கிறேன், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நாம் போவோம் என்றேன்.

"மக்கன் பொறுத்திருக்கச் சொன்னானேடி" என்றார்.

"அவன் புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுவான். நான் கண்ணால கண்டாச்சு" என்றேன்.

"வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அவருடைய முதுகுக்காக நான் போட்ட முதல் கையெழுத்து அது.

உன்னிடம் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னோம். லாட்ஜில் தங்கியிருந்தபோது நீ வீடியோவில் கூப்பிட்டாய். சுவரில் ஒட்டியிருந்த லாட்ஜ் விதிகள் உனக்குத் தெரியாமலிருக்க, என் பூப்போட்ட படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டி, அதன் முன்னால் அப்பாவை உட்காரவைத்தேன். "சித்தி வீட்ல புது கர்ட்டனா?" என்று நீ கேட்டாய். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் ஸ்டீல் பிளாஸ்க்கைத் திறந்தார். உள்ளேயிருந்து புகை வந்தது. சுண்டுவிரல் அளவுள்ள ஒரு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இது உள்ளே போனால் கெட்டுப்போன இடத்தைத் தானே தேடிப் போய்ச் சேர்ந்துவிடும்" என்றார். இருபத்தெட்டு வருஷம் ஊரிலுள்ள அத்தனை பெண்களிடமும் எத்தனை வாரம் என்று கேட்டவள், அந்தக் குப்பியைப் பார்த்து அதைக் கேட்கவில்லை. எத்தனை வாரக் கரு, எந்தப் பாகம், யாருடையது, ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொன்னது. அப்பாவைக் குனியவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசி ஏறும்போது அவர் என் சேலையைப் பற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பத்து நாளில் அப்பா தானே எழுந்து கழிப்பறைக்குப் போனார். பதினைந்தாம் நாள் தேங்காய் உடைத்தார். அவர்கள் கூடவே மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள், அதன் பலன் அது. நர்ஸுக்கு அது தெரிய வேண்டாமா? தெரியும். தெரிந்துகொள்ள விருப்பமில்லை. மூன்றாம் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் நான் எழுந்தேன். நான் நர்ஸ், நோய் எனக்குத் தெரியும், மருந்தும் தெரியும், இது மனுஷனால் ஆனதல்ல என்று தொடங்கி, எந்த ஊர், எந்த ஊசி, யாரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அந்தக் கைகள் நடுங்கவில்லை. வெளியே வந்தபோது ஏழெட்டு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு போன் நம்பர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் போய் வந்த நான்காம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கழுத்து மரம்போல் விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, மூளைச்சவ்வில் அழற்சி என்றார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் என்னிடம், "சேச்சி, இதினு முன்பு நட்டெல்லில் வல்ல இன்ஜெக்ஷனும் எடுத்தோ?" என்று கேட்டார். முதுகில் ஏதாவது ஊசி போட்டதா என்றுதான் கேட்டார். என் எதிரில் நின்று அவ்வளவு தெளிவாகக் கேட்டார். இல்லை என்றேன். சாட்சி சொல்லிவிட்டேனே, சபை என்ன சொல்லும், மகன் என்ன சொல்வான் என்பதுதான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. என்ன கிருமி என்று தேட அவர்களுக்கு இன்னும் சில நாள் ஆயிற்று. அப்பா பிழைத்தார், ஆனால் திரும்பி வந்தவர் பழைய அப்பா இல்லை. குரல் தேய்ந்துவிட்டது. சாயங்காலமானால் முற்றத்தில் யாரோ நிற்கிறார்கள் என்பார். உனக்கு நிமோனியா என்று சொன்னேன். நீ லீவு கேட்டு அழுதாய், வர வேண்டாம், காய்ச்சல் குறைந்துவிட்டது என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் அலமாரியில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. அதில் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் நான்தான். அந்தத் தாளையும் போட்டோ எடுத்து இத்தோடு அனுப்புகிறேன், நீ அனுப்பிய ரிப்போர்ட்டில் அது இல்லை.

இதுவரை எழுதியது நம் வீட்டோடு போனது. இனி எழுதுவது அப்படிப் போகாதது. குன்னத்துகாலில் புஷ்பபாய் என்று ஒருத்தி, நீ பார்த்திருக்க மாட்டாய். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் ரிஜிஸ்டர் எழுதியவள் நான். புருஷன் கொத்தனார், நாற்பத்தாறு வயதில் அவனுக்கும் கை நடுங்கத் தொடங்கியது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே அப்பா போர்த்திக்கொண்டு கிடக்கிறார், வாசலில் நின்று அவள் கேட்கிறாள்.

"சிஸ்டரே, நீங்க சாட்சி சொன்ன அந்த எடத்துக்கு இவரக் கொண்டுபோகட்டா? சாருக்கு என்னமோ தீனம்னு கேட்டேன், அதாக்கும் ஒரு பயம்."

"அது வேற, இது வேற, புஷ்பம். இது சளிக் காய்ச்சலாக்கும்" என்றேன்.

"அப்போ போலாம் இல்லியா?"

"போயிட்டு வா" என்றேன்.

இதை எழுதும் முன் இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன், மக்கா. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். ஊசியால்தான் அப்பா இப்படி ஆனார் என்று அவளிடம் ஒப்புக்கொண்டால், நானே அதை நம்ப வேண்டிவரும். அவ்வளவுதான் காரணம், இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. அவன் அங்கிருந்து வந்து ஒரு மாதத்தில் காய்ச்சலில் இறந்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் இன்னொருத்தியின் குடும்பத்தைக் கெடுத்தேன். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. ஓணத்துக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலையை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீங்க ஒரு வழி காட்டினீங்க சிஸ்டர், அவருக்க நேரம் அவ்வளவுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குலை பழுத்து, கறுத்து, ஈ மொய்த்து, கடைசியில் தோட்டத்தில் குழி தோண்டிப் போட்டேன். ஒரு பழம்கூட என் வாயில் இறங்கவில்லை.

அப்போதும் செல் வேலை செய்தது, அழுக்கு ஊசிதான் கெடுத்தது என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் நீதான் உடைத்தாய், உனக்குத் தெரியாமலே. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அரிசி மாவு பரப்பிய தட்டில் விரலால் ஒரு குழாய் வரைந்தாய். மூளை முதலில் இவ்வளவுதான், வெறும் குழாய். அதன் உள்சுவரில் செல்கள் பிறந்து, வெளிப்பக்கமாக நடந்து போய்த் தங்கள் இடத்தில் நிற்கின்றன. எந்த இடத்தில், எந்த நாளில் பிறந்தது என்பதை வைத்துத்தான் அது என்ன ஆகும் என்று முடிவாகும் என்றாய். அப்பாவுக்குச் செத்துப்போனவை குழாயின் நடுப்பகுதியில், தரைப்பக்கத்தில், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பிறக்கத் தொடங்குபவை. "எங்க கணக்குல எட்டுலயிருந்து பத்து, நாங்க மாதவிலக்குலயிருந்து எண்ணுவோம்" என்று நான் திருத்தினேன், நீ சிரித்தாய். ஒரு பெண் சப்சென்டருக்கு வந்து எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தயங்கி நிற்கிற நேரம் அது. அந்த நேரத்துச் செல்லை எடுத்தால்தான் பிடிக்கும், அதற்கு முன்னால் எடுத்தால் அதற்குத் தான் யார் என்றே தெரியாது, பின்னால் எடுத்தால் அதிலிருந்து கைபோல் நீண்டு வளர்ந்த இழை அறுந்து செத்துவிடும் என்றாய். அதனால்தான் இப்போது கருவை நம்பாமல், கருவில் நடப்பதையே ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் படிப்படியாக நடத்திச் செல்லை வளர்க்கிறோம் என்றாய். வைக்கும்போதும் அது பிறந்த இடத்தில் வைப்பதில்லையாம், அங்கிருந்து கை நீட்டி எட்டாது என்று, போய்ச்சேர வேண்டிய இடத்திலேயே வைப்பார்களாம்.

"வச்ச உடனே கை நடுக்கம் நிக்குமா?" என்று கேட்டேன். உருண்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எங்கம்மா! வயித்துல பிள்ளை வளர்ற வேகத்துலதான் அதுவும் வளரும். ஆறு மாசம் ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆவும். சில எடத்துல முதுகுல ஊசியப் போட்டு பத்து நாள்ல நடக்கலாம்னு ஏமாத்துதானுவ. முதுகுல போட்டது தலைக்கு வழி கேட்டுப் போவுமா?"

என் கை நின்றுவிட்டது. நீ "என்னம்மா?" என்றாய். "மாவு எளகிப்போச்சு" என்றேன். மூன்றாம் ஞாயிறு, மக்கா. நான் ஆலயத்தில் சாட்சி சொன்னது மூன்றாம் ஞாயிறு. அந்தக் குப்பியில் இருந்தது உண்மையான செல்லாகவே இருந்திருந்தாலும், அந்த மூன்று வாரத்தில் அது கண் திறந்திருக்காது. ஆண்டவர் சந்நிதியில் நான் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

அடுத்த வாரமே போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சபைக்கு முன்னால் திருத்திச் சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதர்தான். "இப்போ சொல்லி என்ன ஆகும் சிஸ்டர்? அந்தப் பொண்ணுக்க நெஞ்சு ஒடையும், ஜனங்களுக்க விசுவாசம் தளரும். ஜெபம் பண்ணுங்க" என்றார். நம் சபையில் சாட்சி சொல்ல இடம் உண்டு, சொன்ன சாட்சியைத் திரும்ப எடுக்க இடம் இல்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நேற்று உன் போன் வந்திருக்காவிட்டால் அந்த வசதியிலேயே செத்தும் போயிருப்பேன்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். அந்தச் சோதனையின் தாளில், இதற்கு முன் எந்தச் செல்லையாவது உடம்பில் ஏற்றியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஏற்றியதுண்டு என்று எழுது. உன்னை எனக்குத் தெரியும். டிப்போ டாக்டருக்கு மாத்திரை நேரம் பார்த்தவன், இதற்கும் ஏதாவது நேரம் பார்ப்பாய். பார்க்காதே. அப்பாவின் முதுகில் என்ன ஏறியது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அவர் தலையில் ஒரு கட்டி வளர்ந்தால், அது அந்தக் குப்பியிலிருந்து வந்ததா உங்கள் கிண்ணத்திலிருந்து வந்ததா என்று யார் சொல்வது? அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் அந்த ஒரு கட்டி திருப்பி அனுப்பிவிடும். ஒரு பொய்யான சாட்சி என்ன செய்யும் என்று குன்னத்துகாலில் போய்ப் பார்த்தவள் சொல்கிறேன். உன் வேலையில் அப்படி ஒன்றை அப்பாவின் பெயரில் வைத்துவிடாதே. இன்னொன்றும் உண்டு. நோயாளி வீட்டுக்காரர்களிடம் பேசும்போது, எவ்வளவு காலம் ஆகும் என்பதை முதலில் சொல், மெதுவாகச் சொல், இரண்டு தடவை சொல். அவர்களுக்குக் கோபம் வரும், வந்துவிட்டுப் போகட்டும். பொறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வீட்டில் ஒருத்தி வேறு ஆளைத் தேடிப் போவாள்.

நம்பிக்கையாக ஏதாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், வரவில்லை. நாளைக்கு யாராரோ பிழைப்பார்கள், உன் கையால்கூடப் பிழைக்கலாம். அது அப்பா இல்லை. அவருக்கு இனி இறக்கம்தான், அதை நர்ஸாகவே சொல்கிறேன். நீ என்மேல் கோபப்படு. மன்னித்துவிட்டேன் என்று சீக்கிரம் சொல்லிவிடாதே, அதைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. டிக்கெட்டை ரத்து செய்யாமல் வந்தால் அப்பாவோடு சும்மா இரு.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். இன்று காலையில் மாத்திரை பிடித்து அப்பாவுக்குப் பேச்சு தெளிந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கேக்கியளா? அந்த ஊசிக் காரியத்த மக்கன்கிட்ட சொல்லப்போறேன்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்த பார்வை. "சொல்லாண்டாம்" என்றார்.

"சொல்லாம இருந்தா பின்ன அவனுக்கும் கேடு, வேற ஆளுக்கும் கேடு."

"ஒருக்கா... ஒருக்கா நோக்கட்டும்டி." மூச்சு வாங்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார். "எனக்க தலையாக்கும். உனக்க இல்ல."

அவர் போர்வையை இழுத்துவிடக் குனிந்தேன். அன்றைக்கு அவர் வேண்டாம் என்றபோது கொண்டுபோனேன், இன்றைக்கு அவர் வேண்டும் என்கிறபோது தடுக்கிறேன். இரண்டு தடவையும் அவருடைய உடம்பு, முடிவு என்னுடையது. இதில் எது சரி என்று நீதான் படித்தவன், சொல். எனக்குத் தெரியவில்லை, தெரியாமலேதான் எழுதுகிறேன். நான் குனிந்ததைச் சரி என்று தலையாட்டியதாக நினைத்து அவர் சமாதானமாகிவிட்டார். உன்னோடு போவதற்கு அந்த நீலச் சட்டையை இப்போதே துவைத்து வைக்கச் சொன்னார், துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது கட்டிலிலிருந்து கேட்கிறார், "மக்கனுக்கா எழுதுற?" ஆமாம் என்றேன். "நான் ரெடின்னு எழுது" என்கிறார்.

அப்பா ரெடியாக இருக்கிறார், மக்கா.

அம்மா